பன்னீர்ச் செம்பு பிடிக்க என்ன நிறம் வேண்டும்?

திங்கட்கிழமை அந்தக் கல்லூரிக் கண்காட்சி வாசலில் நடந்ததை நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், போட்டோவும் வாட்ஸப்பில் சுற்றியாகிவிட்டது, அதனால் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. "நீ கொஞ்சம் பின்னாடி போம்மா, இவ நிக்கட்டும், போட்டோவுல பளிச்சுன்னு இருக்கும்" என்று, வரவேற்க நின்ற கறுத்த பிள்ளையின் கையிலிருந்த பன்னீர்ச் செம்பை வாங்கிச் சிவப்பான பிள்ளையிடம் கொடுத்தாரே கண்காட்சியை அமைத்த பேராசிரியை, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

வேறு விழாவாக இருந்தால் வழக்கம்தானே என்று வந்திருப்பேன். உள்ளே யாருடைய படம் மாட்டியிருந்தது? மேமி ஃபிப்ஸ் கிளார்க்! நிறம் பார்த்து ஒதுக்கினால் சின்னப் பிள்ளையின் மனதுக்குள் என்ன ஆகிறது என்று ஆராய்ந்து காட்டிய உளவியலாளர்.

அவரும் கணவர் கென்னத்தும் நடத்திய சோதனை இதுதான்: நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத பொம்மைகள். 3 முதல் 7 வயது வரை 253 கறுப்பினக் குழந்தைகள். விளையாட எது வேண்டும் என்றால் 67 சதவீதம் பேர் வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பார்க்க மோசமாக இருப்பது எது என்றால் 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மையை எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் "உன்னை மாதிரி இருப்பது எது?" என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே ஓடியிருக்கின்றன. பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் வந்த அமெரிக்கத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் ஏறியது கணவர் கென்னத் கிளார்க்கின் பெயர். (இது மேமியின் வேலை, நான் நடுவில் ஒட்டிக்கொண்டவன் என்று பின்னால் அவரே சொன்னார். அது தனி எரிச்சல்.)

இவ்வளவையும் உள்ளே ஒட்டிவைத்துவிட்டு, வாசலில் அதே பொம்மைத் தேர்வை நிஜப் பிள்ளைகளை வைத்து நடத்தியிருக்கிறோம்.

"அது அமெரிக்கா, நம்ம மீனாட்சியே பச்சை மேனிதானே" என்று வருவீர்கள். வாங்க. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் பொய் சொல்லப் பயப்படுகிற ஊர்தான் இது. சாமி எந்த நிறமானாலும் கும்பிடுவோம், மருமகள் மட்டும் மாநிறமாவது இருக்க வேண்டும்.

"போட்டோவுக்கு வெளிச்சம் பத்தலை." லைட்டைப் போடுங்கள், பிள்ளையை ஏன் மாற்றுகிறீர்கள்?

"அந்தப் பேராசிரியை நல்லவர், ராப்பகலாக உழைத்தார்." ஒத்துக்கொள்கிறேன். அதுதான் வலிக்கிறது. அத்தனை பலகையும் அவர் எழுதியது. எழுதிய கையே செம்பைப் பிடுங்கியது. கெட்டவர் செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பாரதமாதா வசனம் முழுக்க மனப்பாடம் செய்தவள் நான். மேடை ஏறியது வேறொரு சிவப்பான பிள்ளை. நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் சொன்னேன், அவள் வாயசைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள், என் அப்பாவும் தட்டினார். பிறகு பெண் பார்க்க வந்தவர்களிடம், நான் காபித் தட்டோடு நிற்கும்போதே, "நிறம் கொஞ்சம் கம்மிதான், அதுக்குத்தான் நகையைக் கூட்டிப் போடுறோம்" என்றார் எங்கள் சித்தி. என் மேல் உயிரையே வைத்திருக்கிற சித்தி!

இதற்கும் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை. சித்தி படித்தால் கோபப்படுவார், படட்டும்.

ஆதரவு தெரிவிக்கிறேன் பேர்வழி என்று அந்தப் பிள்ளையின் போட்டோவைக் கமெண்டில் போடாதீர்கள். போட்டால் யாரென்று பார்க்காமல் பிளாக் செய்வேன், சொந்தக்காரர்கள் உட்பட.