செல்லுக்குக் கொடுக்குற செல்லம்

(ஞாயிற்றுக்கிழமை காலை. மலர் செருப்பை மாட்டுகிறாள். அம்மா வாசலை மறித்து நிற்கிறாள்.)

அம்மா: லீவு நாள்லயும் எங்கடி கிளம்பிட்ட?

மலர்: லேபுக்கும்மா. செல் பட்டினியா கெடக்கும்.

அம்மா: சார்ஜ் போட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானே?

மலர்: அந்த செல் இல்லம்மா. புற்றுநோய் செல். நான்தான் வளர்க்குறேன்.

அம்மா: அடிப்பாவி! நம்ம வம்சத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நீ. டாக்டருக்குப் படிச்சு நோயை ஒழிப்பேன்னு பாத்தா, வளர்க்குறியா?

மலர்: மருந்தைச் சோதிக்க செல் வேணாமா? அதுக்கு எப்பவும் 37 டிகிரி சூடு இருக்கணும். காத்துல 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா புது மீடியம், அதான் செல்லுக்குச் சாப்பாடு. அதுல 10 சதவீதம் சீரம், ரத்தத்துலேர்ந்து பிரிக்கிற தெளிஞ்ச நீர்.

அம்மா: உன்னையே நான் இப்படி வளர்க்கலையே!

மலர்: தட்டுல முக்கால்வாசி நெறஞ்சதும் பிரிச்சு வேற தட்டுக்கு மாத்தணும். ட்ரிப்சின்னு புரதத்தை அரிக்கிற நொதி ஊத்தினா ஒட்டிக்கிட்டிருக்கிற செல் விட்டு வரும். நாலஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல விட்டா செல் மேல இருக்குற புரதத்தையே அரிச்சிடும். உடனே சீரம் கலந்த மீடியம் ஊத்தி ட்ரிப்சினை அடக்கணும்.

அம்மா: கிருமி ஏதும் புகுந்துடாதே?

மலர்: அதான் பெரிய தலைவலி. சிவப்பா இருந்த மீடியம் ஒரே ராத்திரியில மஞ்சளாகிக் கலங்கிட்டா, பாக்டீரியா வந்தாச்சு. தட்டோட தூக்கிப் போட வேண்டியதுதான்.

அம்மா: பெனிசிலின் போடேன்.

மலர்: போடுறோம். ஆனா மைக்கோபிளாஸ்மான்னு ஒரு குட்டி பாக்டீரியா இருக்கு. செல்சுவர் கட்ட விடாமத்தான் பெனிசிலின் கொல்லும். இதுக்குச் சுவரே கிடையாது. மீடியத்தைக் கலக்காது, சாதாரண மைக்ராஸ்கோப்புல தெரியாது. கமுக்கமா செல்லோட போக்கை மாத்திடும். பிசிஆர் மாதிரி டிஎன்ஏ டெஸ்ட் பண்ணாத்தான் மாட்டும். அதுக்குள்ள பல மாச ரிசல்ட் குப்பைக்குப் போயிருக்கும்.

அம்மா: கூடவே சிரிச்சிக்கிட்டு இருந்து குடியைக் கெடுக்கும். உங்க சித்தப்பாவேதான்.

மலர்: அதுக்குத்தான் எதைத் தொட்டாலும் கையுறையில 70 சதவீத ஆல்கஹால் அடிச்சுக்கிறது.

அம்மா: அதுல என்ன கஞ்சத்தனம்? 100 அடியேன்.

மலர்: கொஞ்சம் தண்ணி இருந்தாத்தான் கிருமிக்குள்ள இறங்கும். சுத்த ஆல்கஹால் சட்டுனு ஆவியாயிடும்.

அம்மா: ஆமா, யாரோட செல்லு இது?

மலர்: ஹென்றியெட்டா லாக்ஸ்னு ஒரு அம்மா. 1951ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அதே வருஷம் இறந்துட்டாங்க. அவங்க செல் இன்னும் சாகல. ஏறக்குறைய ஒரு நாள்ல ரெண்டு மடங்காகுது.

அம்மா: அவங்களைக் கேட்டு எடுத்தாங்களா?

மலர்: இல்லம்மா. வீட்டாளுங்களுக்கே இருபது வருஷத்துக்கு மேல தெரியாது.

(அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வாசலை விட்டு விலகுகிறாள்.)

அம்மா: ஓடு. அந்த அம்மாவைப் பட்டினி போடாதே.

மலர்: எதிர்வீட்டு அத்தை கேட்டா என்ன சொல்லுவ?

அம்மா: புற்றுநோய்க்குச் சோறூட்டப் போயிருக்கான்னா சொல்ல முடியும்? செல்லுக்குச் சார்ஜ் போடப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்.