பெயர்ப்பலகை மாறியது, வீடு அப்படியே

81 சதவீதம் இந்துக்கள் வாழும் நேபாளத்துக்கு மதச்சார்பின்மை எதற்கு, 2006-க்கு முன்பு போல இந்து ராஷ்டிரமாகவே இருந்திருக்கலாமே என்கிறது உங்கள் கட்டுரை. அப்படி என்னதான் பறிபோய்விட்டது என்று கேட்கிறேன்.

2015 அரசியல் சட்டத்தின் 4-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மதச்சார்பின்மை என்று எழுதிவிட்டு, தொன்றுதொட்டு வரும் சனாதன மதத்தையும் பண்பாட்டையும் காப்பதும் அதில் அடக்கம் என்று கீழேயே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். பசு தேசிய விலங்கு. ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்திர ஜாத்திரைத் திருவிழாவில், வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரியிடம் அன்று மன்னர் ஆசி பெற்றார், இன்று குடியரசுத் தலைவர் போய் நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்!

"பழைய பெருமை" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 1854-இல் வந்த முலுகி ஐன் சட்டம் நாட்டு மக்கள் எல்லோரையும் சாதி அடுக்கில் வரிசைப்படுத்தியது. பௌத்தர்களான தமாங் மக்களை மது அருந்துவோர், அடிமையாக்கத் தக்கவர் என்ற படியில் தள்ளியது. ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை. 1963 வரை இதுதான் கதை. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய், மறுபடி இந்து ராஷ்டிரம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2006-இல் நேபாளம் மதச்சார்பற்ற நாடு என்று நாடாளுமன்றம் பிரகடனம் செய்வதற்கு முன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்கலாம்.