1930க்கு முப்பது வருடம் முன்பே
ஈரானிய சினிமா 1930இல், 'ஆபியும் ராபியும்' படத்தோடுதான் பிறந்தது என்று இணையத்தில் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. முதல் முழுநீளக் கதைப்படம் அது, சரி. ஆனால் ஈரான் அரசவைப் புகைப்படக்காரர் மிர்சா இப்ராஹிம் கான் அக்காஸ்பாஷியை எப்படி விட முடியும்? அக்காஸ்பாஷி என்றாலே தலைமைப் புகைப்படக்காரர் என்று பொருள். அப்பாவும் அரசவைப் புகைப்படக்காரர்தான். 1900இல் ஈரான் மன்னர் முசாஃபருத்தீன் ஷா பிரான்சில் சினிமாட்டோகிராஃப் என்ற, சலனப்படம் எடுத்துக் காட்டும் கருவியைப் பார்த்து மயங்கி, அதை வாங்கச் சொன்னது இவரிடம்தான். அதே ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டு ஊரில் மலர்த் திருவிழா. வண்டிகளில் வந்த பெண்கள் ஷாவை நோக்கிப் பூச்செண்டுகளை வீச, இவர் அதைப் படம்பிடித்தார். ஷாவே தன் பயணக் குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். நாடு திரும்பியதும் முஹர்ரம் ஊர்வலத்தையும் மன்னரின் சிங்கங்களையும் எடுத்தார். இவர் படங்களைப் பற்றி, 'அரண்மனைக்குள் மட்டும் ஓடினால் அது சினிமாவா' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்கிறார். என் தாத்தா எடுத்த எட்டு மில்லிமீட்டர் சுருளையும் வீட்டுக்குள் மட்டும்தான் பார்த்தோம். அதில் பாட்டி தலையைத் திருப்பிச் சிரிப்பதைப் பார்த்தபோது எனக்கு அது முழு சினிமாதான். டிக்கெட் விற்றதை வைத்துத் தொடக்கத்தைக் கணக்கிட்டால், 1915இல் இறந்துபோன இந்த மனிதர் வரலாற்றிலேயே இல்லாமல் போய்விடுவார்.