லண்டனில் வேர்விட்ட ஜூடோ
ஜப்பானியத் தற்காப்புக் கலைகளை ஜப்பானில்தான் முறையாகக் கற்க முடியும் என்கிறது உங்கள் கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானியரான கோய்சுமி குன்ஜி 1918-லேயே லண்டனில் புடோக்வாய் என்ற தற்காப்புக் கலைப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். முதலில் அங்கே ஜூடோவுக்கு மூலமான பழைய மல்யுத்தக் கலை ஜுஜுட்சுதான். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1920-ல் நேரில் வந்த பிறகு, கோய்சுமியும் பயிற்சியாளர் தானி யுகியோவும் ஜூடோவுக்கு மாறினார்கள். தானி இங்கிலாந்து மேடைகளில் சவால் போட்டிகளில் பெரும் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் கானோ தந்த இரண்டாம் டானை, அதாவது கறுப்புப் பட்டையின் தொடக்கத் தரங்களில் ஒன்றை, ஏற்றுக்கொண்டாரே, அந்தப் பணிவு சாதாரணமா?

அப்புறம் 1964 டோக்கியோ ஒலிம்பிக் ஜூடோ. நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க் ஜப்பானின் காமினாகாவை வென்றதும், கொண்டாட ஓடிவந்த தன் நாட்டவரை, எதிராளிக்கு மரியாதையாக, கைகாட்டி நிறுத்தினார். கீசிங்க் ஜப்பானுக்கும் போய்ப் பயிற்சி எடுத்தவர்தான், சரி. ஆனால் அவருக்கு வழிகாட்டிய மிச்சிகாமி ஹாகு, பிரான்சில் தங்கிக் கற்றுத்தந்த ஆசிரியர். அவரைப் பற்றியும் எழுதுங்கள்.