கூத்தரின் பின்னணி என்று எதை எழுதுகிறோம்?

கொழும்பில் நாட்டுக்கூத்து மேடையேறும் நாளில் மண்டப வாசலில் தருகிற கையேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இராசா வேஷக்காரர் பி.ஏ. சிறப்பு, நடனத்தில் டிப்ளோமா, இரண்டு குறும்படம், ஒரு விருது. மந்திரி வங்கி உத்தியோகத்தர். ஆடுபவரின் பாட்டை வாங்கிப் பாடும் பிற்பாட்டுக்காரர் எல்லாரும் "மற்றும் குழுவினர்". மத்தளம் அடிக்கிறவரின் பெயர் அனுசரணையாளரின் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே எங்கோ கிடக்கும். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மேடையில் நடக்கப்போவதை விளங்கிக்கொள்ள இதில் ஒரு வரிகூட உதவாது.

எந்த அண்ணாவியாரிடம், அதாவது கூத்து ஆசானிடம், பழகினார்? கூத்தின் இரு பாணிகளில் வடமோடியா, தென்மோடியா? எந்தக் களரியில் (ஆடுகளம்), எந்தக் கொப்பிக்கு (கூத்துப் பிரதி) ஆடினார்? முதல் வேஷம் என்ன? பகலில் என்ன தொழில்? கூத்தரின் பின்னணி என்றால் இவைதான்.

தொழிலை ஏன் கேட்கிறோம் என்றால், கூத்தின் நாள்காட்டியே அதில்தான் தொங்குகிறது. மட்டக்களப்பில் பெரும்போக வெள்ளாமை மாசி, பங்குனியில் வெட்டி முடிந்தால்தான் ஆக்கள் இரவில் களரிக்கு வருவார்கள். கடற்தொழில் ஊர்களில் கடல் எப்போது விடுகிறதோ அப்போதுதான் பழக்கம். கரைவலை இழுக்கும்போது அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடிப் பழகியவர்களுக்குப் பிற்பாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒருவர் விட்ட இடத்தில் பத்துப் பேர் ஒரே மூச்சில் பிடிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. பயிற்சி பெற்ற பாடகரை அந்த இடத்தில் நிறுத்தினால் அவர் ஒவ்வொரு அடியையும் இழைத்து இழைத்துப் பாடுவார். ஆட்டக்காரர் காலைத் தூக்கியபடி காத்திருப்பார்.

ஊரில் வேஷம் கிடைப்பதற்கே ஒரு முறை உண்டு. கொப்பி எது என்று முடிவானதும் அண்ணாவியார் ஆளைப் பார்ப்பார்: உயரம், குரல், தாளத்துக்குக் கால் போகிறதா. பிறகு சட்டம் கொடுத்தல், அதாவது அவரவர் பகுதியை எழுதிக் கையில் கொடுப்பது. அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து (வாரத்துக்கொரு முறை ஆடிப் பார்ப்பது), அடுக்குப் பார்த்தல் (கடைசியாக முழுதும் ஆடிப் பார்ப்பது). அரங்கேற்றம் அதற்குப் பிறகுதான். அது முடிந்தும் வீட்டுக்கு வீடு போய் ஆட வேண்டும். இத்தனையும் தாண்டி வந்தவருக்குத் தன் பாட்டு மட்டுமல்ல, எதிராளியின் பாட்டும் பாடம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கட்டுவார்.

கொழும்புத் தயாரிப்பில் இதெல்லாம் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் போயா தினங்களுக்கும் சுருங்கிவிடுகிறது. புறக்கோட்டை மொத்தக் கடையில் நிற்கிற பெடியனுக்கு லீவு அன்றைக்குத்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுருக்கும்போது எதை வெட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். அநேகமாக முதலில் வெட்டுப்படுவது சதங்கையோடு பழகுவதுதான். சதங்கை இல்லாமல் பழகிய கால், அரங்கேற்ற நாளில் அந்தப் பாரத்தோடு அரைத் தாளம் பிந்தும். அடுத்தது உடுப்பு. வடமோடி அரசனின் கரப்புடுப்பும் கிரீடமும் போட்டால் ஆள் இரண்டு பங்கு அகலம். ரீசேட்டோடு பழகியவர் திரும்பும்போது மந்திரியை இடிப்பார். கடைசி மூன்று பழக்கமாவது முழு உடுப்பில் நடக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தால் மூன்று நாள் வாடகை, அவ்வளவுதான்.

பரதம் கற்ற பிள்ளைகள் வந்தால் வேறு சிக்கல். உடம்பு வளைகிறது, தாளம் தெரியும், ஆனால் கை தன்பாட்டில் முத்திரைக்குப் போய்விடும். வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருப்பதால் ஆட்டமும் சுற்றித்தான் போகும். பரதக்காரருக்கு முன்பக்கம் ஒன்றுதான். இதைக் கையேட்டில் எழுதினால் வெட்கம் ஒன்றுமில்லை. "பரதம் பயின்றவர், தென்மோடி இதுவே முதல் முறை" என்றால் பார்க்கிறவர் நியாயமாகப் பார்ப்பார். பெண்கள் ஆடுவதே மரபில் இல்லாத இடத்தில் இவர்கள் வந்து ஆடுவது பெரிய விஷயம், அதையும் சேர்த்து எழுதலாம்.

படித்தவர்கள் கூத்தாடுவது பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை என்று மேடையேற்றியது பல்கலைக்கழக மாணவரை வைத்துத்தான். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அப்போது மாணவர், ஊர் மட்டக்களப்பு. விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோதும் ஆட்டத்துக்கு மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார்தான் வந்தார். அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளாமல் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். தமிழ்க் கூத்தின் வழி வந்த சிங்கள இசைநாடக வகையான நாடகமவுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பிலிப்பு சிங்ஞோ தொழிலால் ஒரு கொல்லர். சிங்களத்தில் எழுதுகிறவர்கள் அதை மறைப்பதில்லை. நமக்குத்தான் மேடையில் நிற்பவரின் தொழிலைச் சொல்லக் கூச்சம்.

கூச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதை மழுப்பக் கூடாது. ஊரில் களரிக்கும் சாதி இருந்தது. யார் அரச வேஷம் கட்டலாம், யாருடைய களரிக்கு யார் போவார் என்பதெல்லாம் ஆட்டத்தின் தரத்தை வைத்து மட்டும் தீர்மானமானதில்லை. களரியின் பெயரைப் போட்டால் தெரிந்தவனுக்கு மிச்சமும் தெரிந்துவிடும். கொழும்பில் வாடகை வீட்டில் இருக்கிற ஒருவர் அதை விரும்பாமல் இருக்கலாம். ஆகவே தகவலை வாங்கும்போதே எது அச்சில் போகலாம், எது வேண்டாம் என்று ஆளிடமே கேளுங்கள். ஊர்ப்பெயர் வேண்டாம் என்றால் மாவட்டம் காணும். அண்ணாவியாரின் பெயரை விட வேண்டாம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அநேகமானோர் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் ஊராரும் செய்த கூத்து மீளுருவாக்கத்தில் இந்தச் சாதி, பெண் கேள்விகளைக் களரியிலேயே வைத்துப் பேசினார்கள். கொழும்பில் நாங்கள் இன்னும் ஒத்திகை அறைக்குக்கூட அதைக் கொண்டுவரவில்லை.

மலையகக் கூத்துக்கு இதைவிட மோசம். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி, மதன் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுபவர்கள், தப்பு என்ற பறையை அடிக்கும் தப்புக்காரர் அந்தக் கூத்தின் உயிர். இங்கே அழைத்து வந்தால் கையேட்டில் "மலையகக் கலைஞர்கள்" என்று இரண்டே சொல். எந்தத் தோட்டம், எத்தனை மாசி ஆடியவர், தகப்பனும் மதன் கட்டினாரா என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

அச்சுக்குக் கொடுக்கமுன் படியை அண்ணாவியாருக்கு வாசித்துக் காட்டுங்கள், மோடியின் பெயரிலேயே பிழை விடுகிறோம். காத்தவராயன் கூத்தில் முன்காத்தான், பின்காத்தான் என்று ஒரு வேஷத்தைப் பலர் கட்டுவார்கள். எல்லார் பெயரும் வரட்டும், எந்த இடத்தில் ஆள் மாறுகிறது என்பதும் வரட்டும். பிற்பாட்டு, மத்தளம், சல்லரி (கைத்தாளம்), கொப்பி பார்ப்பவர் நால்வகையினருக்கும் அரசனுக்குக் கொடுக்கிற அதே எழுத்தளவு. விளம்பரப் பக்கத்தில் ஒன்றைக் குறைத்தால் இவ்வளவுக்கும் இடம் வரும்.