கால் வெட்டுதும்மா

மகளோடு சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன் என்று பெயர். பார்ப்பதெல்லாம் அவளுடைய செல்போன் திரையைத்தான். போகிற இடமெல்லாம் நான்தான் போட்டோகிராபர். "அம்மா, கால் வெட்டுதும்மா", "கையை ஆட்டாதே", "போனைத் தலைகீழாப் பிடிம்மா, அப்பதான் உயரமாத் தெரிவேன்."

மெரினாவில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்தது, 1959இல் வைத்தார்கள். பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் முதுகும் தோளும் எப்படி முறுக்கேறி நிற்கின்றன என்று நிதானமாகப் பார்க்க எனக்கு ஆசை. எங்கே விட்டாள்? சிலை பின்னால் லேசாகத் தெரிந்தால் போதுமாம்!

சரி, கடலிலாவது கால் நனைக்கலாம் என்றால் நடக்க நடக்க மணல். துறைமுகம் கட்டிய பிறகு சேர்ந்த மணல் அது. முன்பெல்லாம் கடல் சாலைக்குக் கிட்டவே இருந்ததாம். என் முழங்காலுக்கு அந்தக் காலமே தேவலை. மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தால், "வெளிச்சம் போயிடும், சீக்கிரம் எடும்மா" என்கிறாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன், புடவைக் கரையெல்லாம் ஈரம். எடுத்ததையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட சரியா வரலையே" என்றாளே பார்க்கணும்.

நாளைக்கு எழும்பூர் மியூசியம். போனை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வா என்றேன்.

"அப்புறம் எதுக்கும்மா போறது?"