பத்தாவது லெவலில் விசார்டைக் கலைக்காதீர்கள்

பால்டர்ஸ் கேட் 3 என்கிற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிற கோத்தகிரி, குன்னூர்த் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 10 லெவல் வரை பார்த்துப் பார்த்து வளர்த்த விசார்டை (மந்திரவாதியை), மிச்சமிருக்கும் 2 லெவலுக்காக ஃபைட்டர் (போர்வீரன்) பக்கம் திருப்பாதீர்கள். யூடியூபில் எத்தனை பேர் சொன்னாலும் சரி. கொழுந்து எடுக்கிற நேரத்தில் கவாத்து பண்ணுகிற வேலை அது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆட்டத்துக்கு 150 ஜிபி இடம் வேண்டும். நம் மலையில் இருக்கும் நெட்டில் அதை இறக்குவதற்குள் பொழுது போய்விடும் என்று கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகள் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டு வந்து ஆளுக்கு ஆள் கொடுக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கிடைக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி மூன்றாவது ஆக்ட்டுக்கு (பகுதிக்கு) வருவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிடுகிறது. அப்படி வந்து சேர்ந்தவர்கள், "அண்ணா, விசார்ட் இப்போ சப்பையா இருக்கான், ஆட்டமே போரடிக்குது" என்று என்னிடம் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விசார்ட் சப்பை இல்லை. அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன கிடைக்கவில்லை என்று பார்ப்போம். இந்த ஆட்டத்தில் உச்சமே 12 லெவல். விசார்டாகவே தொடர்ந்தால் 11இல் ஆறாம் நிலை ஸ்பெல்லும் (மந்திரமும்), அதை ஒரு தடவை போடுவதற்கான ஸ்லாட்டும் வருகின்றன. 12இல் மூன்றாவது ஃபீட், அதாவது நாமே தேர்ந்தெடுக்கிற ஒரு கூடுதல் திறமை, வருகிறது. ஃபீட் என்பது ஆளின் மொத்த லெவலைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு கிளாஸிலும் (விசார்ட், ஃபைட்டர் மாதிரியான பிரிவிலும்) 4, 8, 12 என்று தனித்தனியாகத்தான் எண்ணப்படும். ஆக, விசார்ட் 10, ஃபைட்டர் 2 என்று நிறுத்தினால் ஆறாம் நிலை ஸ்லாட்டும் போச்சு, மூன்றாவது ஃபீட்டும் போச்சு. ஃபைட்டர் லெவல் ஸ்பெல் ஸ்லாட் கணக்கில் சேராது.

அதற்குப் பதிலாக வருவது ஆக்‌ஷன் சர்ஜ். ஒரே டர்னில், அதாவது நம் முறை ஒரு தடவை வரும்போதே, இன்னொரு ஆக்‌ஷன், அதாவது இரண்டு ஃபயர்பால் (நெருப்புக் குண்டு) மந்திரம். நல்ல விஷயம்தான், மறுக்கவே மாட்டேன். ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் அது திரும்பவும் வந்துவிடும், ஆறாம் நிலை ஸ்லாட்டோ லாங் ரெஸ்ட் எடுத்தால்தான் வரும் என்கிற வாதமும் நியாயமானது. ஆனால் அந்தக் கூடுதல் ஆக்‌ஷனைப் பாட்டிலில் அடைத்துக் கடையிலேயே விற்கிறார்கள்! ஸ்பீட் போஷன் குடித்தால் 3 டர்ன் வரை ஒவ்வொரு டர்னிலும் ஓர் ஆக்‌ஷன் கூடும். கழுதைப்புலிக் காது கிடைத்தால் நாமே காய்ச்சியும் கொள்ளலாம். பிறகு வரும் சோர்வைச் சமாளிக்க வேண்டும், உண்மை. ஆனால் ஆறாம் நிலை ஸ்லாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மந்திரம் எழுதிய ஸ்க்ரோல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒரு தடவை படித்தால் தீர்ந்துவிடும். நாம் தேடுகிற அன்றைக்குக் கடைக்காரரிடம் இருக்கவும் வேண்டும்.

அந்த ஸ்லாட்டில் குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி போட்டுப் பாருங்கள். 3 டர்னுக்கு அந்த வட்டத்துக்குள் நிற்கும் யாருக்கும் எந்த அடியும் படாது. எதிரி உள்ளே வந்துவிட்டால் அவனுக்கும் படாது, அதனால் எங்கே போடுகிறோம் என்பதை யோசித்துப் போட வேண்டும். மூன்றாவது ஆக்ட்டின் பெரிய சண்டைகளில் நாலு பேரையும் உயிரோடு வெளியே கொண்டு வந்தது எனக்குப் பெரும்பாலும் இந்த ஒரு ஸ்பெல்தான்.

இன்னொரு விஷயம். இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. ஃபைட்டர் சேர்த்தால் கான்சன்ட்ரேஷன் (போட்ட மந்திரத்தைக் கலையாமல் பிடித்து வைக்கும் கவனம்) உடையாது என்று நம்பி 11ஆவது லெவலில் ஃபைட்டர் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கு வேண்டிய கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ தேர்ச்சி, அதாவது அடியைத் தாங்க உருட்டும் பகடையில் கிடைக்கும் கூடுதல் பலம், முதல் லெவலில் எந்த கிளாஸோடு தொடங்கினோமோ அந்த கிளாஸிலிருந்துதான் வரும். நடுவில் ஃபைட்டர் சேர்த்தால் மீடியம் ஆர்மரும் கேடயமும் கிடைக்கும்; அந்தத் தேர்ச்சியும் ஹெவி ஆர்மரும் கிடைக்காது. அடி விழும்போது கான்சன்ட்ரேஷன் நிற்க 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது அதிகமோ அதைப் பகடையில் தொட வேண்டும். வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் போட்டிருக்கும்போது கான்சன்ட்ரேஷன் உடைந்தால் அடிவாங்குவது விசார்ட் மட்டும் இல்லை, ஹேஸ்ட் வாங்கியவனும் அடுத்த டர்ன் சோர்ந்து நிற்பான். இதற்கு மருந்தாக வார் காஸ்டர் என்ற ஃபீட் இருக்கிறது. ஃபைட்டர் 2 எடுத்ததால் கைவிட்டுப் போன அந்த மூன்றாவது ஃபீட்டில் வாங்கியிருக்க வேண்டியது அதுதான்.

மல்டிகிளாஸே (ஒரே ஆளுக்கு இரண்டு கிளாஸ்) கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளெரிக் (பூசாரி) ஒரு லெவல் சேர்த்துப் பாருங்கள். கிளெரிக்கும் முழு மந்திர கிளாஸ் என்பதால் இரண்டு லெவலும் ஸ்லாட் கணக்கில் ஒன்றாகக் கூடும். விசார்ட் 11, கிளெரிக் 1 என்றால் ஆறாம் நிலை ஸ்லாட் அப்படியே இருக்கும். போவது கடைசி ஃபீட் மட்டும். கூடவே பிளெஸ் என்ற மந்திரம், கேடயம், ஆர்மர் எல்லாம் வருகின்றன. பிளெஸ்ஸுக்கு விஸ்டம் அதிகம் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

டெம்பெஸ்ட் (புயல் வகை) கிளெரிக் 2, விசார்ட் 10 என்கிற கூட்டணியை நான் மனதாரப் பாராட்டுவேன். அங்கேயும் ஸ்லாட் குறைவதில்லை. விசார்ட் 11ஐ எட்டாவிட்டாலும், ஆறாம் நிலை ஸ்லாட் கையில் இருப்பதால் ஸ்க்ரோலிலிருந்து செயின் லைட்னிங் என்ற மின்னல் மந்திரத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள இந்த ஆட்டம் அனுமதிக்கிறது. அதன் அடி, 8 பக்கப் பகடை 10. டெம்பெஸ்ட்டின் டிஸ்ட்ரக்டிவ் ராத் போட்டால் பகடை உருட்டவே வேண்டாம், முழு 80. முதலில் எதிரி மேல் தண்ணீர் கொட்டி நனைத்துவிட்டால் அதுவே இரண்டு மடங்கு, 160! அவன் சேவிங் த்ரோவில் தப்பினால் பாதி. இதில் இரண்டு கிளாஸும் ஒன்றுக்கொன்று வேலை செய்கின்றன. நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

பழைய ஆட்டங்கள் ஆடியவர்கள் அந்தக் கணக்கை இங்கே கொண்டு வர வேண்டாம். 2000இல் வந்த பால்டர்ஸ் கேட் 2இல் மனிதர்களுக்கு டூயல் கிளாஸ். புது கிளாஸ் பழையதை லெவலில் தாண்டும் வரை பழைய திறமை முடங்கிக் கிடக்கும். 2002இன் நெவர்விண்டர் நைட்ஸில் இரண்டு மந்திர கிளாஸைச் சேர்த்தாலும் ஸ்லாட் ஒன்றாகக் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்தின் விதியும் வேறு.

சரி, ஏற்கெனவே விசார்ட் 10, ஃபைட்டர் 2இல் நிற்பவர்கள் என்ன செய்வது? கேம்ப்பில் இருக்கும் விதர்ஸிடம் 100 கோல்ட் கொடுத்து லெவல்களை முதலிலிருந்து மாற்றி எடுங்கள். முதல் லெவலாக ஃபைட்டரை எடுங்கள், அப்புறம் 11 லெவலும் விசார்ட். ஹெவி ஆர்மர், கேடயம், கான்ஸ்டிட்யூஷன் தேர்ச்சி எல்லாம் வந்துவிடும், ஆறாம் நிலை ஸ்லாட்டும் நிற்கும். ஃபைட்டரின் இரண்டாவது லெவல்தான் உங்கள் ஸ்லாட்டைத் தின்றது, முதல் லெவல் இல்லை. கூட வருகிற விசார்ட் கேலுக்கும் இதையே செய்யலாம். மாற்றி முடித்ததும் ஸ்பெல் பட்டியலைத் திறந்து ஆறாம் நிலை வரிசை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, உடனே சேவ் பண்ணுங்கள். கரண்ட் போய்விடப் போகிறது.